சகலையிடம் பத்திரம் கேள்

மகனே,

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வாக்கியத்துக்கு நான் பதில் சொல்லவில்லை. வலப்பனையில் நீ வாங்கிய காணியில் அடுத்த வாரம் வியாழக்கிழமை மண் வெட்டத் தொடங்குகிறாய் என்றும், உன் மனைவியின் அக்காள் கணவரே கொந்தராத்து எடுத்து வீட்டைக் கட்டித் தருகிறார் என்றும் சொன்னாய். அவர் பதிவு பெற்ற ஒப்பந்தகாரரா, வேலையாட்களுக்குக் காப்புறுதி செய்திருக்கிறாரா என்று கேட்டேன். "என்னப்பா நீங்க, சகலைகிட்ட போயி லைசன்ஸ காட்டுன்னு கேட்டா, அப்புறம் அந்த மனுஷன் மூஞ்சில எப்படி முழிக்கிறது? நம்ம ஆளுப்பா" என்றாய். பக்கத்திலிருந்து உன் அம்மாவும் சிரித்தாள். நான் போனை அவளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் போனேன். ஏறக்குறைய அதே சொற்களை, பதினொரு வருடங்களுக்கு முன்னால், அந்த இடத்தில் நின்று நான் சொன்னேன். அதனால் ஒரு மனிதர் இறந்தார். அந்தக் கதை உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்குத் தெரிந்தது நான் சொன்ன பொய்.

இதை நேரில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ என் முகத்தைப் பார்ப்பாய், இரக்கப்படுவாய், "பழசை விடுங்கப்பா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். எழுத்தில் அந்த வசதி இல்லை. இந்தக் கடிதத்தை உன் சகலைக்குக் காட்டலாம், உன் மாமனாருக்குக் காட்டலாம், யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டலாம். மறைக்க வேண்டிய காலமெல்லாம் மறைத்தாயிற்று.

நம் ஆட்கள் ஏன் ஒருவரையொருவர் பத்திரம் கேட்பதில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் குற்றம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நம்மிடம் பத்திரம் கேட்டவர்கள் எல்லாரும் நம்மை விரட்ட வந்தவர்களாகவே இருந்தார்கள். உன் தாத்தா இந்த மண்ணில் பிறந்தவர் என்பதற்குப் பத்திரம் கேட்டார்கள். தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில் ஒன்றில், பிறந்த பிள்ளைக்கு எவன் பத்திரம் எழுதி வைத்தான்? நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் கொழும்புக்குப் போகும் பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி, பெயரைக் கேட்டதும் என்னை மட்டும் இறக்கி, அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, வளாகத்துக் கடிதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். மற்றப் பயணிகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு நான் ஒரு தீர்மானம் செய்தேன்: என் ஆட்களில் ஒருவனைப் பார்த்து, "உன் பத்திரம் எங்கே?" என்று என் வாய் ஒருநாளும் கேட்காது. அதைப் பண்பு என்று நினைத்தேன். ஆசிரியராக ஊரில் மதிப்புப் பெற்ற பிறகு அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். பட்டம் பெற்றவன் ஒரு முட்டாள்தனத்தைச் செய்தால் அதற்கு ஒரு தத்துவத்தையும் சேர்த்தே செய்கிறான்.

உடப்புசல்லாவைப் பாதையில், இப்போது நம் வீடு நிற்கும் இந்தக் காணி கிடைத்தபோது, லயத்தை விட்டு வெளியேறும் முதல் குடும்பம் நாம்தான் என்று உன் அம்மா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவு சந்தோஷம். வீட்டைக் கட்ட நான் முத்துவேலை அழைத்தேன். எங்கள் லயத்தில் நான்காவது காம்பராவில் வளர்ந்தவன். என்னோடு ஒரே வகுப்பில் படித்து, பாதியில் நின்று, கொழும்புக்குப் போய் மாடிக் கட்டடங்களில் வேலை செய்துவிட்டுத் திரும்பியிருந்தான். எல்லாரும் அவனைப் பாஸ் என்று அழைத்தார்கள். கட்டட வேலை தெரிந்த எவனையும் நம் பக்கத்தில் அப்படித்தான் அழைக்கிறார்கள். அந்தப் பட்டத்துக்கு எந்தச் சான்றிதழும் வேண்டியதில்லை. ஆட்கள் முன்னால் என்னைச் "சேர்" என்பான், தனியாக இருக்கும்போது "டேய்" என்பான். வீட்டுப் படத்தைச் சிமெந்துப் பையின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினான். பிரதேச சபைக்குக் கொடுத்த வரைபடம் வேறொருவர் போட்டது. அதில் பின்பக்கத்து மேடு ஒரு கோடாக மட்டும் இருந்தது, சபையில் அந்தக் கோட்டுக்கும் சேர்த்து முத்திரை குத்திக் கொடுத்தார்கள். மலையை வந்து பார்த்தவர் எவருமில்லை.

ஒருவர் கேட்டார். கீழ்க் காணியில் லீக்ஸ் பயிர் போடும் சிங்களவர் சுமனே மாத்தயாவை உனக்கு நினைவிருக்கும். வேலை தொடங்குவதற்கு முந்திய வாரம் வேலியோரமாக வந்து நின்று, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "சேர், இந்தப் பாஸுக்கு இன்சூரன்ஸ் இருக்குதா? பேப்பர் எல்லாம் பாத்ததா? பின்னுக்குப் பெரிய வெட்டு நே, சேர்." அந்த மனிதர் முகத்தில் கவலையைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. இன்றைக்கு அதைத் தெளிவாகக் காண்கிறேன். அன்றைக்கு எனக்குக் கேட்டது அந்தப் பழைய பஸ்ஸின் அருகில் கேட்ட குரல். என் காணியில், என் வேலிக்குள் நிற்கும்போதும் என்னிடம் பேப்பர் கேட்கிறார்களே என்று உள்ளே கொதித்தது. "அவர் எங்க ஆளு. அவர்கிட்ட நாங்க பேப்பர் கேக்கறதில்ல" என்றேன். அவர், "ஹரி சேர், ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லித் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு நன்மை நினைத்து வந்த ஒரே மனிதரை நான் அவமானப்படுத்தி அனுப்பினேன், அந்த வாரம் முழுவதும் அதை நினைத்து மகிழ்ந்தும் இருந்தேன்.

பத்திரம் பார்க்காத நான் பஞ்சாங்கம் பார்த்தேன். ஒன்றல்ல, மூன்று. கார்த்திகை முடிவதற்குள் வாசற்கால் நிறுத்தவேண்டும், மார்கழி பிறந்தால் எதுவும் தொடங்கக்கூடாது என்று உன் அம்மா சொன்னாள், கோயில் ஐயா சொன்னார், முத்துவேலும் சொன்னான். மூன்று பஞ்சாங்கங்களுக்கும் பொருந்திய ஒரு நாள் கிடைத்தது. அந்த நாளுக்கு முன்னால் அத்திவாரம் எழும்ப வேண்டும், அத்திவாரத்துக்கு முன்னால் பின்மேடு வெட்டப்பட வேண்டும். அந்த வருடம் மழை விடவில்லை.

மேடு வெட்டுவதற்கு முத்துவேல் மூன்று பேரைக் கூலிக்குப் பிடித்தான். அதில் ஒருவர் பெரியசாமி மாமா, என் அக்காவின் கணவர். தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் கான் வெட்டியவர். தேயிலை மலையில் மழைத்தண்ணீரை வடிப்பதற்கு அந்த நீளமான கான்களைச் சரிவு பிசகாமல் வெட்டுவதற்கு அவரை மிஞ்சிய ஆள் அந்தப் பிரிவில் இல்லை என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கே சொல்வார். மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, எத்தனை நாள் மழை குடித்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர். என் வீட்டு வேலை என்பதால் கூலி வேண்டாமென்று அவர் சொல்லவில்லை, நானும் அப்படி எதிர்பார்க்கவில்லை. மற்ற இருவருக்கு என்ன பேச்சோ அவருக்கும் அதே பேச்சு. இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்: அவர் வேலைக்கு வந்தார்.

அன்று காலையில் நான் பாடசாலைக்கு லீவு போட்டிருந்தேன். மாமா மேட்டின் அடியில் நின்று வெட்டு முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வழக்கமான கேலியோடு தொடங்கினார். "வாங்க மாப்ள சேர், புத்தகத்துல மண்ணப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கா? இருந்தா இந்த மேட்டுக்குக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க." பிறகு கேலியை விட்டார். "மாப்ள, இது நல்லா நனைஞ்சு கெடக்கு. நேரா வெட்டுனா நிக்காது. படி படியா வெட்டணும், இல்லாட்டி ரெண்டு நாள் வெயில் காயட்டும்." முத்துவேல் மேலே நின்றபடி, "ரெண்டு நாள் காஞ்சா நாளு போயிரும் பெரியசாமி அண்ணே. கொழும்புல இதவிட ஒசரத்துக்கு வெட்டியிருக்கேன், ஒன்னும் ஆவல" என்றான். "கொழும்புல மல எங்கடா இருக்கு?" என்றார் மாமா. மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், ஏனென்றால் காணி என்னுடையது. நான் கையிலிருந்த கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நாள் தவறக்கூடாது மச்சான். பாஸ் சொல்றபடி செய்ங்க" என்றேன்.

பத்து மணித் தேத்தண்ணிக்கு உன் அம்மா கேத்தலோடு வந்துகொண்டிருந்தபோது மேடு இறங்கியது. பெரிய சத்தம் எதுவுமில்லை. ஈரச் சாக்கைக் கீழே போட்டதுபோல ஒன்று கேட்டது. இருவர் பாய்ந்துவிட்டார்கள். மாமா அவர்களைத் தள்ளிவிட்டார் என்று ஒருவன் பின்னால் சொன்னான். மற்றவன் தெரியாது என்றான். நாங்கள் கையால் தோண்டினோம். சுமனே மாத்தயா தன் ஆட்களோடும் மண்வெட்டிகளோடும் வேலியை மிதித்துக்கொண்டு ஓடி வந்தார். அவர்தான் மாமாவின் தலையை முதலில் வெளியே எடுத்தார். அதற்குப் பிறகு இந்தப் பதினொரு வருடங்களில் பேப்பர் என்ற சொல்லை அவர் என் முன்னால் ஒருநாளும் உச்சரிக்கவில்லை.

நீ அப்போது உயர்தரப் பரீட்சைக்காக ஹட்டனில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். நீ வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. முடித்துவைத்தவன் நான்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் மரண விசாரணை. அதற்கு முன்னால் முத்துவேல் என்னைத் தாழ்வாரத்தின் ஓரத்துக்குக் கூப்பிட்டான். அப்போதுதான் முதன்முறையாக அவனிடம் கேட்டேன்: உனக்குப் பதிவு இருக்கிறதா, வேலையாட்களுக்குக் காப்புறுதி இருக்கிறதா? அவன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தான். கொழும்பில் அவனை வேலைக்கு வைத்திருந்த முதலாளியின் பதிவுச் சான்றிதழ், போட்டோப் பிரதி. அதுவும் காலாவதியானது. "டேய், இங்க பாரு. நான் கொந்தராத்து எடுத்தேன்னு சொன்னா ஒனக்கும் கேசு, எனக்கும் கேசு. ஒன் வாத்தியார் வேல என்னாவும்? ஒன் மவன் படிப்பு என்னாவும்? அண்ணன் ஒதவிக்கு வந்தாருன்னு சொல்லிரு. சொந்தக்காரரு தான? அதுல என்ன பொய்யி?" அவன் அழுதுகொண்டேதான் சொன்னான். அழுபவன் சரியாகக் கணக்குப் போடமாட்டான் என்று நினைக்காதே.

விசாரணை அதிகாரி நல்ல மனிதர், அவசரப்படாதவர். சிங்களத்தில் கேட்டார்: இவர் உங்களிடம் கூலிக்கு வந்தவரா, உறவுக்காக வந்தவரா? வெளியே பெஞ்சில் என் அக்கா, உன் அத்தை, உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சிங்களம் அவ்வளவாகத் தெரியாது. எனக்கு நன்றாகத் தெரியும். "உறவுக்காக" என்றேன். ஒரே ஒரு சொல். அவர் எழுதிக்கொண்டார். கூலிக்கு என்று சொல்லியிருந்தால், காப்புறுதியில்லாத ஒப்பந்தகாரனை வைத்து வேலை செய்வித்த உரிமையாளனிடம் சட்டம் வந்திருக்கும். வந்திருக்கவும் வேண்டும். நட்டஈடு என்ற சொல் உன் அத்தையின் வாசலுக்குப் போயிருக்கும். அந்த ஒரு சொல்லால் நான் வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன், உன் படிப்பைக் காப்பாற்றினேன், வீட்டையும் கட்டி முடித்தேன். அத்தை தேயிலைக் கொழுந்துக் கூடையைத் திரும்ப மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். முழங்கால் வீங்கி, காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுக்கமுடியாத நாள் வரைக்கும் போனாள்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் கொண்டுபோய்க் கொடுத்த சேலையை அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுடைய கூரைத் தகரத்தை நான் மாற்றிக் கொடுத்தபோது, "என் தம்பி மாதிரி எவளுக்கு இருக்கான்?" என்று லயம் முழுக்கச் சொன்னாள். உன் கல்யாணத்தில் நீ மாமாவின் படத்துக்கு மாலை போட்டு, "பாசத்துக்காக எங்க வீட்டுக்கு வந்து உயிர விட்டவரு" என்று எல்லோருக்கும் சொன்னாய். பந்தியில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். நான் வாசலில் நின்று சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையைப் பற்றி என்ன நினைக்கவேண்டுமோ அதை இப்போது நினைத்துக்கொள்.

இனி உன் வீட்டுக்கு வருகிறேன். உன் சகலை கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. முத்துவேலும் கெட்டவனாகத் தொடங்கவில்லை. அவருடைய பதிவுச் சான்றிதழை வாங்கிப் பார். அது அவர் பெயரில் இருக்கிறதா, காலம் முடிந்துவிட்டதா, நீ கட்டுகிற அளவு வீட்டுக்கும் நீ வெட்டுகிற அளவு மலைக்கும் அந்தத் தரம் போதுமா என்று பார். பிரதியை நம்பாதே, இலக்கத்தை எழுதிக்கொண்டு, அதைக் கொடுத்த அலுவலகத்துக்கே போய்க் கேள். காப்புறுதி என்றால், வேலை நடக்கும் நாட்களெல்லாம் அதில் அடங்குகிறதா, உன் காணியின் விலாசம் அதில் இருக்கிறதா, மண் வெட்டுகிறவர்கள் உட்பட எத்தனை பேருக்கு அது செல்லும் என்று வாசி. சுவருக்கும் சிமெந்துக்கும் மட்டும் காப்புறுதி எடுத்துவிட்டு, மனிதர்களை வெளியே விட்ட பத்திரங்களும் உண்டு. அந்தக் கிளைக்குத் தொலைபேசி எடுத்து, பத்திரம் இன்றைக்கும் உயிரோடிருக்கிறதா என்று கேள். மண்சரிவு அபாயம் பற்றி அரசாங்க ஆய்வாளர்கள் கொடுக்கும் அறிக்கை வரும்வரை மேட்டைத் தொடாதே. எல்லாவற்றையும் ஒரு ஒப்பந்தத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கேட்டதற்காக உன் சகலை கோபித்துக்கொண்டால், அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொள். கோபித்த உறவு ஒரு கல்யாணத்திலோ ஒரு காதுகுத்திலோ பேசிவிடும். நல்ல நாள் தவறினால் இன்னொரு நல்ல நாள் வரும். மார்கழி முடிந்தால் தை வரத்தான் செய்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் எழுதமாட்டேன். நன்றாகவே தூங்கினேன், பதினொரு வருடமாக அப்படித்தான் தூங்குகிறேன், அதுதான் எனக்கு என்மேல் உள்ள ஆத்திரம். செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறி உன் அத்தையிடம் போனேன். காம்பரா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தேத்தண்ணி வைக்க எழுந்தவளை உட்காரச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். மாமா கூலிக்குத்தான் வந்தார், நான் உறவுக்கு என்று சொன்னேன், அதனால் உனக்கு வரவேண்டியது வராமல் போனது என்றேன். விசாரணையில் நான் சொன்னது பொய் என்று வாக்குமூலம் எழுதி, தொழில் அலுவலகத்தில் கொடுக்கப்போகிறேன், காலம் கடந்துவிட்டது என்று அவர்கள் சொன்னாலும் கொடுப்பேன் என்றேன். அவள் நட்டஈட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கீரைக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டே, "அவரு வேல செஞ்சு செத்தாருடா" என்றாள். "இருவது வருஷம் மண்ணு வெட்டுன மனுஷன். அந்த மேடு நிக்காதுன்னு சொல்லிட்டு, அப்புறமும் எறங்கி வெட்டுனாரு. நீ அவர, சும்மா விருந்துக்கு வந்து மண்ணுக்குள்ள மாட்டிக்கிட்ட ஆளாக்கிப்புட்டியே. அவரோட வேலயக்கூட எடுத்துட்டியேடா."

எழுந்து படியிறங்கினேன். அவள் பின்னாலிருந்து கூப்பிட்டாள். தம்பி என்று கூப்பிடவில்லை. "ஒன் மவன் வலப்பனையில வீடு கட்டுறானாமே. அங்க மண்ணு வெட்டப் போறது யாரு?" எனக்குத் தெரியாது என்றேன். "எத்தன பேரு?" அதுவும் தெரியாது. "அவங்க பேரு என்னன்னு கேட்டுட்டு வா. அவங்களுக்குக் காயிதம் இருக்கான்னும் கேட்டுட்டு வா. அதுவரைக்கும் இந்த வாசல்ல கால வைக்காத" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

ஆகவே கேட்கிறேன். உன் மேட்டை வெட்ட வருகிறவர்கள் எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன, யாருடைய பிள்ளைகள், எந்தத் தோட்டம்? உனக்குத் தெரியாதென்று எனக்குத் தெரியும். உன் சகலைக்கும் இன்னும் தெரிந்திருக்காது. தெரிந்துகொள். காப்புறுதிப் பத்திரத்தின் பிரதியோடு அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு. வியாழக்கிழமைக்குள் முடியாவிட்டால் வியாழக்கிழமை போகட்டும். அந்தத் தாள் என் கைக்கு வராமல் உன் காணியில் ஒரு மண்வெட்டி இறங்கினால், நான் வந்து அந்த மேட்டின் அடியில் நிற்பேன். என்னை அப்புறப்படுத்திவிட்டுத்தான் வெட்டவேண்டியிருக்கும். தாள் வந்துவிட்டால், அதை எடுத்துக்கொண்டு உன் அத்தை வீட்டுக்குப் போவேன். கதவைத் திறப்பாளா என்று தெரியாது. திறக்காவிட்டால் வெளியே நின்று, அவளுக்குக் கேட்கும்படி ஒவ்வொரு பெயராக வாசிப்பேன்.

அப்பா